கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி ஒரு கட்டுரை

ஜூலை 8, செவ்வாய்
கட்டுரை முடிந்தது! 'மகளிர் சொத்துரிமையும் மறுக்கப்படும் சமூக நீதியும்.' பத்திரிகை ஆசிரியர் ஹரிராம் சார், "கனமா இருக்கும்மா" என்றார். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். தல்லாகுளத்தில் வக்கீல் போர்டு மாட்டியவள் எழுதினால் கனமாகத்தான் இருக்கும்.

எழுதியது என் பெரியம்மா மகள் அன்னக்கொடி அக்காவுக்காக. பெரியப்பா விட்டுப்போன காட்டை, அந்த விவசாய நிலம் முழுவதையும், தன் பெயருக்கு மாற்ற, அவள் கூடப்பிறந்த ஜெயபாண்டி அண்ணன் அவளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து கேட்கிறார். போட்டால் அவள் பங்கு போச்சு. போடாவிட்டால், ஆவணியில் மகள் காதுகுத்துக்குத் தாய்மாமன் வராமல் போவாரோ என்ற பயம் அவளுக்கு.

ஜூலை 13, ஞாயிறு
உசிலம்பட்டியில் அக்காவின் மகளிர் குழுவில் வாசித்தேன். பலத்த கைதட்டல். வெளியே வந்ததும் அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ வாசிச்ச பெறகுதான் தெளிவாச்சு தாமரை. கையெழுத்துப் போட்டுர்றேன்."

தூக்கிவாரிப் போட்டது. போடச் சொல்லி எங்கே எழுதினேன்?

"கோர்ட்டு நோட்டீஸ் மாதிரியே இருந்துச்சா... அதுல எப்பவும் 'இதச் செய்யி, இல்லாட்டி நடவடிக்கை'ன்னுதான இருக்கும்? எல்லாரும் அப்படித்தான் நெனச்சோம்."

ஜூலை 14
கோபம் கோபமாக வருகிறது. அவர்கள் மேலா? சேச்சே, என் மேல்தான். இம்புட்டுப் படிச்சு என்ன செஞ்சேன்?

ஜூலை 20
எல்லாவற்றையும் அடித்துவிட்டு, அக்காவிடம் போனில் பேசுவதாக நினைத்து எழுதினேன்: 'அப்பா உயில் எழுதாமல் போனால், அவர் நிலத்தில் மகனுக்கு உள்ள பங்கு மகளுக்கும் உண்டு. கையெழுத்துப் போட்டால் அது போய்விடும். சீர் வேறு, நிலம் வேறு. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?'

"கட்டுரை மாதிரியே இல்லையேம்மா!" ஹரிராம் சார் முகம் சுளித்தார். அப்படியே போடச் சொன்னேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு
இதழ் குழுவுக்குப் போனது. இன்று கைதட்டலே இல்லை. சண்டை! "நல்லது கெட்டதுக்கு அண்ணன் தம்பி வந்து நிக்க வேணாமா?" என்றாள் ரெங்கம்மாள். "பங்கு கேட்டா அத்துப்போற கூடப்பொறப்பு எதுக்குடி?" என்றாள் முனீஸ்வரி. நான் வாயே திறக்கவில்லை. எவ்வளவு சந்தோஷமாக இருந்தது! அக்காதான் இதழை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஆகஸ்ட் 5
ஜெயபாண்டி அண்ணன் போனில் கத்தினார். "குடும்பத்துக்குள்ள தீ வைக்கிறியா? டீக்கடையில கூட இதே பேச்சுத்தான்!"

டீக்கடை வரைக்குமா! பாவம் அண்ணன். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்
பத்திரப் பதிவு இன்று. காலையிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. மதியம் அக்கா போன்.

"போடல."

பதிவாளர் "சம்மதமா?" என்று கேட்டிருக்கிறார். "எனக்கும் பங்கு வேணும்ங்கய்யா" என்றாளாம். எங்கள் அன்னக்கொடி அக்கா!

அண்ணன் என்ன சொன்னார்?

"'யாரு சொல்லிக்குடுத்தா, அந்த வக்கீலா?'ன்னாக. 'இல்லண்ணே, நானே படிச்சேன்'னேன்."

காதுகுத்துக்கு வருவாரா?

"தெரியல. ஒரே பஸ்லதான் வாரோம். மொகத்தத் திருப்பிக்கிட்டாக. எம் பையில இருந்த புத்தகத்த வாங்கி வச்சுப் படிக்கிறாக."

எங்கள் இதழையா?

"ஆமா. முடிச்சுட்டு, மறுபடி மொதல்ல இருந்து படிக்கிறாக."