ஆழத்துக்கு நெட்டையன்

பழவேற்காடு
18-3-1976

சிரஞ்சீவி அரசப்பனுக்கு உன் நைனா லோகநாதன் சொல்லி எழுத வைத்தது. கெங்கையம்மன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீ அங்கே பம்பாயில் வேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருக்கிறாய் என்று தெரிந்தால் போதும். எழுத்து கோணலும் மாணலுமாக இருக்கிறதே என்று பார்க்காதே, நிதானமாகப் படி, காரணம் பிறகு சொல்கிறேன்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. முட்டி வீங்கி மாடி ஏற முடியவில்லை என்பதும், மில்லின் கூடைப்பந்து டீமில் உன் இடத்துக்கு உன்னைவிட நாலு விரற்கடை உயரமாக ஒரு பஞ்சாப்காரன் வந்துவிட்டான் என்பதும், அடுத்த மாதத்திலிருந்து உன்னைப் பஞ்சு மூட்டை தூக்கும் பேல் கிடங்குக்குப் போகச் சொல்லிவிட்டார்கள் என்பதும் தெரிந்துகொண்டோம். உன் அம்மா அன்றைக்கு உலை வைக்கவில்லை. உங்கள் மானேஜர், டீமில் எட்டுப் பேர் தென்னை மரமாக நிற்கிறார்கள், பந்தைத் தட்டிக்கொண்டு போக ஒருத்தன் இல்லை, உன் குட்டைத் தம்பியைக் கூட்டி வா, இரண்டு பேருக்கும் டீமில் இடம் வைக்கிறேன் என்றாராம். சித்திரை பிறப்பதற்குள் சேகரை ரயில் ஏற்றச் சொல்லி எழுதியிருந்தாய். அதற்குத்தான் இந்தப் பதில். சேகர் வரமாட்டானப்பா. இனிமேல் அவனால் அந்த ஆட்டம் ஆட முடியாது.

அறுபத்தொன்பதாம் வருஷம் தை மாதம், பொங்கல் முடிந்து ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை. பொன்னேரிப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் உங்களை ஆடவிட்டுப் பார்க்க அந்த மில் ஆபீசர் வந்தார், வெள்ளைக் கால்சட்டை, கையில் ஒரு சுருட்டு நாடா. உன்னை மதில் ஓரமாக நிறுத்தி அளந்தார், ஆறடி மூன்று அங்குலம் என்று எழுதிக்கொண்டார். சேகரை அளக்கவேயில்லை. ஆனால் ஆட்டம் தொடங்கியதும் நான் பார்த்தேன், உங்கள் நெட்டைக் கால்களுக்கு நடுவே அவன் நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடினான், பந்து அவன் கையை விட்டுப் போகிறதும் தெரியவில்லை, திரும்பி வருகிறதும் தெரியவில்லை. பதினொரு முறை கூடைக்குள் போட்டான், நான் விரல்விட்டு எண்ணினேன். நீ நாலு முறை போட்டாய், நாலும் அவன் தள்ளிக் கொடுத்த பந்து. டிரில் மாஸ்டர் அருணாச்சலம் ஆபீசரிடம் மல்லுக்கு நின்றார், சின்னவனை எடுங்க சார், ஆட்டம் அவன் கையிலதான் இருக்குது என்றார். ஆபீசரோ, ஆட்டத்தை ரெண்டு வருஷத்துல நான் உள்ள ஏத்திடுவேன், ஒரு அடி எலும்பை எங்கேருந்து கொண்டாருவேன் என்றார். கடைசியில் சலித்துப்போய், ஒரே இடம்தான் இருக்குது, ரெண்டு பேரும் ஒருத்தர் பிள்ளைங்கதானே, பெரியவரே நீங்களே சொல்லுங்க என்று என் பக்கம் திரும்பினார். சேகருக்குப் பதினேழு வயசு என்பதால் அவனை எடுப்பதென்றால் நான் கைநாட்டு வைக்க வேண்டும். மாஸ்டர் காகிதத்தைப் பிரித்து மைப்பெட்டியையும் நீட்டினார்.

எனக்குத் தெரிந்தது ஏரி ஒன்றுதான். வலை இழுக்கையில் நெட்டையனை ஆழத்துப் பக்கம் நிறுத்துவோம், குட்டையனைக் கரைப் பக்கம் விடுவோம். யாரும் அதைக் கேள்வி கேட்டதில்லை, என் அப்பனும் அப்படித்தான் நிறுத்தினான். அந்தக் கணக்கை அங்கே கொண்டுபோய்ச் சொன்னேன். ஆழத்துக்கு நெட்டையன்தான் சார், பெரியவனைக் கூட்டினு போங்க, சின்னவன் எனக்குக் கரைக்கு வோணும் என்று சொன்னேன். மாஸ்டர் மைப்பெட்டியை மூடினார். சேகர் குனிந்து உன் பூட்ஸ் கயிற்றை முடிந்துவிட்டான். பஸ்ஸில் வரும்போது, நைனா, அது தண்ணி இல்ல, தரை என்று சொன்னான். அதற்கு நான் அவனைத் திட்டினேன்.

நீ போன பிறகு வலைக்கு ஆழத்தில் நிற்க ஆளில்லை. எனக்கு வயசாகிவிட்டது, சேகர் அங்கே போய் நின்றால் தண்ணீர் மூக்கைத் தொடும். மூன்று வருஷம் கூலிக்கு ஆள் வைத்து இழுத்தோம், பிறகு வலையைச் சுருட்டிப் பரணில் போட்டோம். ஏரிக்கு வேண்டியவனை ஆட்டத்துக்கு அனுப்பினேன், ஆட்டத்துக்கு வேண்டியவனை ஏரிக்கு நிறுத்திக்கொண்டேன். சேகர் கவரைப்பேட்டையில் தகரம் அழுத்தும் பட்டறைக்குப் போனான். மேஸ்திரி அவனை மேலும் கீழும் பார்த்து, குட்டை ஆளா, குனியாம வேலை செய்யலாம், வா என்றானாம். அங்கேயும் உயரத்தைத்தான் பார்த்தார்கள். போன ஆவணி மாதம், உச்சி வேளை, மிஷின் மேலே போனது போல் இருந்து மறுபடி இறங்கிவிட்டது. வலது கையில் பெருவிரலும் சுண்டுவிரலும்தான் மிச்சம்.

ஏழு மாதமாக உன்னிடம் மறைத்தோம். பெரியவன் அங்க ஒண்டியா கிடக்கறான், இதைக் கேட்டா அவனுக்குச் சோறு இறங்குமா, எழுதாதே என்று உன் அம்மா என் காலைப் பிடித்தாள். அதனால்தான் நடுவில் வந்த கடிதமெல்லாம் தபால்காரர் துளசிராமன் கையெழுத்தில் வந்தது, சேகருக்கு ஓவர்டைம், எழுத நேரமில்லை என்று எழுதச் சொன்னது நான்தான். நீ கேட்டு எழுதியதை எங்களுக்குப் படித்துக் காட்டியவன் சேகர். தம்பியை அனுப்பு என்ற இடம் வந்ததும் நிறுத்திவிடுவான் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை, ஒரு வரி விடாமல் படித்தான், மானேஜர் சொன்னதை இரண்டு முறை படித்தான். பிறகு, பதிலு நானே எழுதறேன் நைனா, வேற ஆள் கையால இது அண்ணனுக்குப் போவக் கூடாது என்றான். இடது கையால்தான் எழுதுகிறான். பொழுது விடிந்து உட்கார்ந்தது, இப்போது வெயில் சாய்ந்துவிட்டது. என் மேல் பழி போட்டு நான் சொன்ன இடத்தில் இரண்டு முறை பேனாவைக் கீழே வைத்தான், எழுதுடா என்று அதட்டித்தான் எழுத வைத்தேன்.

உயரம் பெரிதா வித்தை பெரிதா என்று அங்கே தினம் சண்டை நடக்கிறது, நீ என்ன சொல்கிறாய் நைனா என்று கேட்டிருந்தாய். என்னைக் கேட்காதே. ஒரு முறை கேட்டார்கள், சொன்னேன். பந்து பழக சேகர் பனைமரத்தில் மாட்டிய வளையத்துக்கு நான் வலை முடிந்து கொடுத்தேனே, மீன் நிக்காத வலை இன்னாத்துக்குடா என்று கேலி செய்துகொண்டே முடிந்தேனே, அது உப்புக் காற்றில் இற்றுப் பாதிதான் தொங்குகிறது. அவிழ்க்கட்டுமா என்றேன், இருக்கட்டும் என்றான்.

தம்பி வருகிறான் என்று மானேஜரிடம் பொய் சொல்லி நாளைக் கடத்தாதே. உள்ளதைச் சொல். மூட்டை தூக்கும்போது வீங்கிய காலில் பாரம் வைக்காதே, வேப்பெண்ணெய் காய்ச்சித் தடவு. இங்கே வந்துவிடு என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, வந்தால் என்ன இருக்கிறது. தம்பிக்குத் தனியாக ஒரு கடிதம் போடு, அதை மறக்காதே. உன் அம்மாவும் நானும் உன்னை ஆசீர்வதிக்கிறோம், அம்மன் உனக்காவது கண் திறக்கட்டும்.

சேகருக்காக அன்றைக்கு வைக்காத கைநாட்டை இதன் அடியில் வைக்கிறேன். மைப்பெட்டியை அவன்தான் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

இப்படிக்கு,
உன் நைனா லோகநாதன்
(இடது கைப் பெருவிரல் ரேகை)