முதலில் நின்ற செத்தல் மிளகாய்

அன்பான இஞ்சேருங்கோ,

பேர் சொல்லாமலே உங்களோடு வாழ்ந்து முடித்தேன். கடிதத்திலும் அப்படியே இருக்கட்டும்.

முதலில் நல்ல செய்திகள். இங்கே டென்மார்க்கில் நம் பேரன் தயா ஓகூஸ் நகரக் கல்லூரியில் கடைசி வகுப்புக்கு ஏறிவிட்டான். டேனிஷ் பாடத்தில் வகுப்பிலேயே இரண்டாவது. யாழ்ப்பாணத்தில் தாயோடு இருக்கும் அவன் தங்கச்சி, நம் சின்னவள், புலமைப்பரிசில் பரீட்சையில் பாஸ். அஞ்சாம் வகுப்பு! நான் படிப்பை விட்ட இடத்தில் அவள் பரிசு வாங்குகிறாள். தயாவைக் கல்லூரி பேஸ்போல் அணியில் முதல் ஆளாக அடிக்க விட்டார்கள்.

அந்தக் கடைசிச் செய்தியால்தான் உங்களோடு எனக்குச் சண்டை.

உள்ளிப்பூண்டு உரிக்கும்போது எட்டுப் பல்லை மேசையில் அடிக்க இறங்கும் வரிசையாக வைப்பேனே, அவை அணியின் டேனிஷ் பொடியள். அவற்றோடு ஒரு காய்ந்த செத்தல் மிளகாய்; அது தயா. நான் மிளகாயை முதலில் வைப்பேன். நீங்கள் வந்து நாலாவதுக்குத் தள்ளுவீர்கள்.

"எடியே, முன்னுக்கு மூண்டு பேர் பேஸிலை நிக்கட்டும். பிறகு இவன் வந்து ஓங்கி ஒண்டு குடுப்பான்."

"ஆர் அந்த மூண்டு பேரையும் பேஸுக்குக் கொண்டு போறது? நாலு பிழையான பந்தை விட்டா அடிக்காமலே போகலாம். அதுக்குப் பொறுமை வேணும். தயாவுக்கு இருக்கு."

"அஞ்சாம் வகுப்புக் கோச் சொல்லிப்போட்டா!"

சமைக்க உள்ளி இல்லாமல் போகும்வரை வாதாடியிருக்கிறோம். கடைசியில், உங்களுக்கு நெஞ்சு வருத்தம் கூடியிருந்த, நீங்கள் கண்மூட முன் வந்த அந்தக் குளிர்காலத்தில், நீங்களே மிளகாயை எடுத்து முதலில் வைத்தீர்கள். "சரியப்பா, நீ சொன்னதே சரி. பொறுமைதான்." எவ்வளவு பெருமைப்பட்டேன்! சாமான் கடையில் கண்டவர்களிடமெல்லாம் சொன்னேன்.

போன சனிக்கிழமை போட்டி. உங்கள் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தேன். தயா முதலாவதாக இறங்கினான். முதல் பந்து எட்டாத தூரத்தில் போனது. ஓங்கி வீசினான். இரண்டாவது நிலத்தோடு வந்தது. அதற்கும் வீசினான். மூன்றாவதும் அப்படியே. மூன்று தரமும் தவறவிட்டதால் ஆட்டமிழந்து வந்து தலை குனிந்துகொண்டு இருந்தான்.

ஏன் பொறுக்கவில்லை என்று பஸ்சில் கேட்டேன். முதலில் டேனிஷில் ஏதோ முணுமுணுத்தான்.

"தமிழிலை சொல்லடா."

"அப்பப்பா சொன்னவர். அப்பம்மாவுக்கு ஓம் எண்டு சொல்லு, ஆனா காத்திருக்காதை, வாறதை அடி எண்டவர்."

"ஏன் அப்பிடிச் சொன்னவர்?"

"அம்மாவையும் தங்கச்சியையும் இஞ்சை கூப்பிடப் போட்ட விண்ணப்பம் வரிசையிலையே நிக்கேல்லையாம். அரசாங்கத்தாக்கள் வேணுமெண்டு நிப்பாட்டி வைச்சிருக்கினமாம். காத்திருந்து பலனில்லையாம். சட்டத்தரணி சொன்னவராம். உங்களுக்குச் சொல்ல வேண்டாம் எண்டவர்."

தெரிந்திருக்கிறது உங்களுக்கு. தபால்காரனின் சைக்கிள் சத்தம் கேட்டு நான் ஒவ்வொரு காலையும் கதவடிக்கு ஓடினேன். தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு பார்த்தீர்கள். "இண்டைக்கு இல்லாட்டி நாளைக்கு வரும்" என்றும் சொன்னீர்கள். இந்த நாடு என்னை ஏமாற்றியதைத் தாங்குவேன். அதற்கு என்னைத் தெரியாது. உங்களுக்கு என்னைத் தெரியும். அந்த மிளகாயை முதலில் வைத்ததும் கிழவியை அமத்தி வைக்கத்தானா?

என் மனம் உடைந்துவிடும் என்று பயந்தீர்களா? கேட்டால் பதில் சொல்ல நீங்கள் இல்லை. அதுவும் ஒரு தப்பித்தல்தான்.

ஆனால் பேஸ்போலில் நான் சொன்னதுதான் சரி. தயாவிடமும் சொல்லிவிட்டேன்: "பிழையான பந்தை விடுறதுதான் பொறுமை. பந்தே போடாதவனுக்கு முன்னாலை மட்டையோடை நிக்கிறது பொறுமையில்லை." அவன் சிரித்தான். "அப்ப நீங்கள் என்ன செய்யப் போறீங்கள், அப்பம்மா?" என்றான்.

திங்கட்கிழமை மகனோடு சட்டத்தரணியிடம் போகிறேன். எங்களைப் போல் நிறுத்தி வைக்கப்பட்ட மற்றக் குடும்பங்களும் வருகின்றன. கேட்க வேண்டியதை நான்தான் முதலில் எழும்பிக் கேட்பேன். தயா சொல்லச் சொல்ல டேனிஷில் பாடமாக்குகிறேன். அவனும் முதலாவதாகவே அடிப்பான். உங்கள் நாலாவது இடத்தில் இப்போது ஒரு உள்ளிப்பல் நிற்கிறது. நான் எழும்பிக் கேட்பது, அவனை முதலாவதாக நிற்க வைப்பது, இந்த இரண்டு வாக்கையும் காப்பாற்றுவேன். அதற்குப் பிறகு உங்களை மன்னிப்பதைப் பற்றி யோசிப்பேன்.

மருமகளே, அவருக்கு இனி முகவரி இல்லாததால் இதை உனக்கே அனுப்புகிறேன். இது உன் கைக்கு வந்தால், நீயும் சின்னவளும் சேர்ந்து எடுத்த புதுப் படம் ஒன்றைத் தபாலில் போடு. பழையதில் சின்னவள் இன்னும் உன் இடுப்பில் இருக்கிறாள்.

இப்படிக்கு,
இன்னும் கோபம் ஆறாத உங்கள் மனைவி,
தயாவின் அப்பம்மா