நீல ஸ்வெட்டரும் ஒரு சொட்டு மெத்தனாலும்

24 நவம்பர் 1997, திங்கள்

குளிர் வந்தாயிற்று. ரயிலுக்குக் கிளம்பும்போது அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து நீல ஸ்வெட்டரை எடுத்துக் கொடுத்தாள். எங்கள் ஊர் கோரமண்டல் ஸ்டேஷனில் பாதிப் பேர் ஸ்வெட்டரில், மீதிப் பேர் சால்வையில். பெண்கள் பெட்டியில் லூயிசா ஆன்ட்டி வழக்கம்போல எனக்கு ஜன்னலோரம் பிடித்து வைத்திருந்தார். பங்காருபேட்டை தாண்டுவதற்குள் இரண்டு வீட்டு இட்லி சாப்பிட்டுவிட்டேன். பெங்களூரிலேயே ரூம் எடுத்துத் தங்கு என்கிறவர்களுக்கு இந்த சுகம் எங்கே தெரியும்?

லேபில் எங்கள் லேசர் அறை ஊரைவிடக் குளிர். ஏ.சி.யைக் குறைக்கவே கூடாதாம். ஸ்வெட்டரைக் கழற்றவே இல்லை.

26 நவம்பர்

"நீ இன்னாதாமா செய்றே அங்க?" என்று அப்பா கேட்டார். ஃபேக்டரியில் வெல்டர், சொன்னால் புரிந்துகொள்வார். சொன்னேன். ஊசி முனையில் ஒரு சொட்டு திரவம் தொங்கும். அதன்மேல் லேசர் அடித்தால் சொட்டில் இருப்பவை மின்னூட்டம் பெற்று அயனிகளாகக் கிளம்பும். காற்று நிறைந்த ஒரு குழாய் வழியாக அவை ஓடும். சின்னது சீக்கிரம் வரும், பெரியது மெதுவாக வரும். வந்து சேரும் நேரத்தை வைத்து இன்னது என்று சொல்லிவிடலாம்.

"ஷிஃப்ட் விட்டா ஒல்லியா கீறவன் கூட்டத்துல பூந்து மொதல்ல கேட்டுக்கு வந்துடுவான். அந்த மாதிரி."

அதேதான் அப்பா! மற்றவர்கள் திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கிவிட்டு அளக்கிறார்கள். சில பொருள்கள் அந்தச் சூட்டில் சிதைந்துபோகும். சூடாக்காமல் சொட்டின்மேலேயே அடிப்பது என் வேலை. என் வேலை என்று எழுதும்போது கொஞ்சம் கர்வமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

3 டிசம்பர்

வெறும் மெத்தனால் சொட்டு. எங்கள் லேசருக்கு மெத்தனால் அயனியாகாது, கருவி வரையும் கோடு தட்டையாக இருக்கவேண்டும். ஆனால் நடுவில் ஒரு மேடு. ஊசியை மாற்றினேன், பாட்டிலை மாற்றினேன். மேடு அப்படியே நிற்கிறது. சாம்சன் அதற்குப் "பேய்" என்று பெயர் வைத்துவிட்டான். லேசர் அவன் பொறுப்பு, சொட்டு என் பொறுப்பு. ஆகவே பேயும் என்னுடையதாம்.

8 டிசம்பர்

ராஜேந்திரன் சார் கூப்பிட்டுச் சொன்னார். எங்கள் வேலையை எடைபோட ஜனவரியில் கமிட்டி வருகிறது. அதற்குள் திரவ வேலை சுத்தமாக வராவிட்டால் மார்ச்சோடு நிறுத்திவிட்டு வாயுவை மட்டும் தொடர்வார்கள். திரவம் போனால் நானும் போகவேண்டியதுதான். சார் குழாயை வடிவமைத்தவர், அவருக்கும் வருத்தம்தான். மூன்று மாத சீசன் டிக்கெட் எடுக்கும் நான் இன்று ஒரு மாதத்துக்கு எடுத்தேன்.

12 டிசம்பர்

நேற்று லீவு. பேத்தமங்களாவில் அத்தை பேத்திக்குக் காது குத்து. கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் லேபில் சாம்சன் தனியாக என் சொட்டை ஓட்டிப் பார்த்திருக்கிறான். கோடு தட்டை. பேய் இல்லை.

"நீ இல்லைன்னா பேயே வரலை மமதா" என்று சிரித்தான். சார் சிரிக்கவில்லை. "கமிட்டி அன்னிக்கு சாம்சனே ஓட்டட்டும்" என்றார்.

இன்னா நெனச்சிக்கினு கீறாங்க என்னைய? கை சுத்தம் இல்லாதவள்னா? ரெண்டு வருஷமா அந்த ஊசிய நான்தானே கண்ணுல வெச்சிப் பாத்துக்கினேன் — பாத்ரூமில் போய் அழுதேன்.

15 டிசம்பர்

என்னிடமிருந்துதான் ஏதாவது சொட்டில் சேருகிறதோ என்று இன்று தலைக்கு எண்ணெய் இல்லை, பவுடர் இல்லை, பூ இல்லை. பேய் மட்டும் இருக்கிறது.

17 டிசம்பர்

இதை நிதானமாக எழுதவேண்டும்.

காலையில் பனி. யாரோ ஜன்னல்களை இறக்கினார்கள். லூயிசா ஆன்ட்டி பின்னிக்கொண்டிருந்த ஊசியை நிறுத்தி மூக்கைச் சுளித்தார். "இன்னாமா இது, ஊர்ல கீற டிரங்குப் பொட்டிய எல்லாம் ஒண்ணா தொறந்தாப்ல அந்துருண்டை வாசனை! அதுலயும் மமதா ஸ்வெட்டருக்குத்தான் ஃபர்ஸ்ட் பிரைஸ்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பாதியில் நின்றுவிட்டது.

அந்துருண்டை என்றால் நாஃப்தலீன். எங்கள் லேசருக்கு அது கிடைத்தால் விடாது, துளியூண்டு ஆவி போதும். சாம்சன் லேசர் பக்கம் தள்ளி உட்காருகிறான். சொட்டின்மேல் குனிந்து நிற்பது நான். நீல ஸ்வெட்டரோடு.

லேபுக்குள் நுழையும் முன் ஸ்வெட்டரைக் கழற்றி மாடிக் கம்பியில் போட்டேன். பல் கிட்டிப்போகும் குளிர். கோடு தட்டை! மறுபடி மாட்டிக்கொண்டு குனிந்தேன். பேய் வந்தது. ஸ்வெட்டரை மறுபடி வெளியே போட்டுவிட்டு, அந்துருண்டைத் துணுக்கு ஒன்றை மெத்தனாலில் கரைத்து அடித்தோம். மேடு அதே இடத்தில். சாம்சன் வெளியே போய் ஸ்வெட்டருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்து, "ஸாரி மமதா" என்றான்.

சார் மூன்று கோடுகளையும் வெகுநேரம் பார்த்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். "ஒரு ஸ்வெட்டர்ல இருந்து வர்ற துளி ஆவியையே நம்ம கருவி பிடிக்குதா?" என்றார். பிறகு, "கமிட்டிக்கு நீங்களே ஓட்டுங்க. ஸ்வெட்டரும் வரட்டும்."

வீட்டில் அம்மாவிடம் எத்தனை உருண்டை போட்டாய் என்று கேட்டேன். "கை நெறயத்தான். பூச்சி அரிச்சா யாரு புதுசு வாங்கறது?" என்றாள். கட்டிப்பிடித்துக்கொண்டேன். இந்தப் பெண்ணுக்கு இன்னா ஆச்சு என்று அப்பாவைப் பார்த்தாள்.

20 ஜனவரி 1998

கமிட்டி. முதலில் வெறும் மெத்தனால், தட்டை. பிறகு வெளியே தொங்கிய ஸ்வெட்டரிலிருந்து ஒரு நூலைக் கத்தரித்து மெத்தனாலில் நனைத்து, அதில் ஒரு சொட்டு. மேடு எழுந்தது, அதே இடத்தில். வெள்ளைத் தாடி வைத்த பெரியவர் முன்னால் வந்து பார்த்தார். "சூடாக்கவே இல்லையா?" இல்லை சார். "மாதிரியை யார் தயாரிச்சது?"

"எங்கம்மா சார்."

சாம்சன் இருமுவதுபோல் சிரித்தான்.

15 பிப்ரவரி, ஞாயிறு

வெயில் ஏறிவிட்டது. திரவ வேலை தொடர்கிறது, மறுபடி மூன்று மாத சீசன் டிக்கெட் எடுத்துவிட்டேன். அம்மா கம்பளிகளைக் காயவைத்து மடித்துக்கொண்டிருந்தாள். நீல ஸ்வெட்டரில் மட்டும் கை நின்றது. "இதுக்கு உருண்டை போடட்டா வாணாமா? அடுத்த குளிருக்கு உனுக்கு அங்க வேலைக்கு வேணுமில்ல?"

"போடும்மா," என்றேன். "கை நெறயப் போடு."