சீமைக்குப் போகாத சால்வை

ஐப்பசி 2, செவ்வாய்

விடியும்போதே மழை. நேற்று உலர்த்திய எதுவும் காயவில்லை. மாடி நடையில் கயிறு கட்டி எல்லாவற்றையும் உள்ளேயே தொங்கவிட்டாயிற்று. வீடு முழுக்க ஈர வேட்டி வாசனை.

கையில் உள்ள வேலை:

சால்வை. துரைசாணிக்கு. வெள்ளைக் கம்பளி நூல், குரோஷா ஊசி. அந்தம்மாள் சீமைக்குப் போகும் கப்பல் மாதக் கடைசியில். விளிம்பு மட்டும் பாக்கி.

ஒட்டுப் போர்வை. வீட்டுக்கு. பழைய சேலை, கிழிந்த சாரோங், எதிர்வீட்டுச் சீனத்தம்மா நியோன்யா கொடுத்த பூத்துணி. மேல்பக்கம் முடிந்தது. அடியில் பழஞ்சேலை மடித்து வைத்து ஓட்டுத்தையல் போட வேண்டும்.

கையில்லாத ஸ்வெட்டர். கொழுந்தன் சண்முகத்துக்கு. அக்கரையில் பிறை ஊரில் ரயில் வேலை, விடியற்காலைப் படகு, ஓயாத சளி. சாம்பல் நிறம். முதுகுப்பக்கம் ஆயிற்று.

தலையணை உறைக்கு லேஸ். யாருக்கென்று இல்லை.

எல்லாம் ஒரே கூடையில் சிக்கிக் கிடக்கிறது. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தால் என்ன என்று வீட்டுக்காரர் கேட்டார். ஒன்றிலேயே உட்கார்ந்தால் கழுத்து வலிக்கிறது என்றேன். நிஜம் அதுவல்ல. ஒரு வேலை முடிகிற நாள் எனக்குப் பிடிப்பதில்லை. கை வெறுமையாகிவிடும்.

துரைசாணி என்பது துறைமுக ஆபீசில் இவருக்கு மேலே இருக்கும் துரையின் மனைவி. நான் மிஷன் பள்ளியில் கற்ற பின்னல் அந்த பங்களா வரைக்கும் போயிருக்கிறது. நூல் அந்தம்மாள் கொடுத்தது. அவ்வளவு மெத்து. யாரும் பார்க்காதபோது கன்னத்தில் வைத்துக்கொள்கிறேன்.

ஐப்பசி 3, புதன்

மழை. கத்தரிக்காய் முத்தல். நல்லெண்ணெய் தீரப்போகிறது.

எதிர்வீட்டு நியோன்யா கூடையைக் கிளறிப் பார்த்துவிட்டு, ஊருக்கெல்லாம் பின்னுகிறாயே, உன் வீட்டில் வரப்போகிற பிள்ளைக்கு எங்கே என்று கேட்டாள். எங்களில் பிறக்குமுன் செய்து வைக்க மாட்டோம் என்று சமாளித்தேன்.

வரப்போகிற பிள்ளை அம்சாவுடையது. சண்முகத்தின் பெண்டாட்டி, எனக்கு ஓரகத்தி. இருபது வயதுகூட ஆகவில்லை. போன வருஷம் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வந்தாள். இப்போது ஏழாம் மாதம். அவளைப் பெற்றவள் கடலுக்கு அந்தப் பக்கம்.

போன மாதம் நான் மாடியில் துணி பிழிந்துகொண்டிருந்தேன். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அம்சா புருஷனிடம் சொன்னாள். "பிள்ளை தங்காத கைங்க அது. அவங்க பின்னினதை எம்பிள்ளைக்குப் போட வேணாம்." சண்முகம் தம்பி ஏதோ அதட்டினார். நான் பிழிந்த துணியையே மறுபடி பிழிந்துகொண்டு நின்றேன்.

எனக்கு இரண்டு பிறந்தார்கள். மூத்தவன் ஒரு வாரம் இருந்தான். இளையவன் அழவே இல்லை. இரண்டு பேருக்கும் தொப்பி, சட்டை, காலுறை எல்லாம் முன்னாலேயே தயார் செய்து வைத்திருந்தேன்.

முதலில் கோபம்தான். பிறகு யோசித்தேன். அவள் இடத்தில் இருந்தால் நானும் பயந்திருப்பேன். ஆனாலும் அதற்குப் பின் எங்களுக்குள் பேச்சு அரிசி, உப்பு, தண்ணீர் அளவில் நின்றுவிட்டது.

ஐப்பசி 5, வெள்ளி

சால்வை முடிந்தது. அலசி, கரி அடுப்புக்கு மேலே கூடையைக் கவிழ்த்து அதில் விரித்து உலர்த்தினேன். அழகாகத்தான் இருக்கிறது. வேப்பிலை போட்டு டிரங்குப் பெட்டியில். இவர் செவ்வாய்க்கிழமை கொண்டுபோய்க் கொடுப்பார்.

மாலையில் அம்சா மாடிப்படியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னம்மா என்றேன். ஒன்றுமில்லை என்றாள். முகம் சரியில்லை.

ஐப்பசி 7, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை.

நேற்றுக் காலை பத்து மணி இருக்கும். மேலே சொம்பு உருளும் சத்தம். ஓடினேன். அம்சா தரையில். பனிக்குடம் உடைந்துவிட்டது. இவர் துறைமுகத்தில், தம்பி பிறையில். தெருவில் முழங்கால் தண்ணீர். நியோன்யாவின் வேலைக்காரி நனைந்துகொண்டே போய் மருத்துவச்சி மக் லீமாவை அழைத்து வந்தாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று மருத்துவச்சியிடம் கேட்டேன். இந்த மழையில் ரிக்‌ஷாவில் ஏற்றினால் வழியிலேயே பிறந்துவிடும், குளிரில் பிழைக்காது என்றாள். மத்தியானத்துக்குள் பிறந்தது. பெண். என் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கும். நீலம் பாய்ந்த உடம்பு. அழுகை என்று சொல்ல முடியாது, பூனைக்குட்டி முனகுவது போல.

மக் லீமா சொன்னாள். "சூடு வேணும் லா, தனம். பஞ்சு, கம்பளி, என்னா இருந்தாலும் கொண்டு வா. சீக்கிரம்."

துவைத்த துணி ஒன்றும் காயவில்லை. தொட்டதெல்லாம் சில்லென்று இருந்தது. முடிந்து காய்ந்த கம்பளி ஒன்றே ஒன்று, பெட்டியில் இருக்கும் சால்வை. எடுத்துக்கொண்டு மேலே ஓடினேன். வாசற்படியில் கால் நின்றுவிட்டது. இது என் கையால் பின்னினது. அவள் வேண்டாம் என்று சொன்ன கை.

மக் லீமா கையை நீட்டினாள். நான் அம்சாவைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். அன்று சுவருக்கு இந்தப் பக்கம் அது என் காதில் விழுந்தது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது என்று நினைக்கிறேன். உதடெல்லாம் வெளுத்துப் போயிருந்தது.

"நீங்களே சுத்துங்கக்கா," என்றாள். "உங்க கைதான் சூடா இருக்கு."

சுற்றினேன். அடுப்பில் வெந்நீர் வைத்துவிட்டு வந்த கைதான், சூடாகத்தான் இருந்திருக்கும். ஜாடியில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றிப் பக்கத்தில் வைத்தோம். பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு சேர்த்துப் படுக்கவைத்து, மேலே என் ஒட்டுப் போர்வை. ஓட்டுத்தையல் பாதியில், ஊசி இன்னும் அதிலேயே குத்தியிருந்தது. உருவி எடுத்தேன்.

தம்பி சாயங்காலப் படகில் வந்தார். படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஐப்பசி 8, திங்கள்

மழை கொஞ்சம் விட்டது. பிள்ளைக்குச் சப்பத் தெரியவில்லை. தாய்ப்பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் சொட்டுச் சொட்டாக. ஒரு சங்களவு இறங்க அரை மணி.

தலையில் சூடு நிற்கவில்லை, தொப்பி வேண்டும் என்று மக் லீமா சொன்னாள். புது நூல் வாங்கக் கடைக்குப் போக நேரமில்லை. தம்பியின் ஸ்வெட்டரைப் பிரித்தேன். அவரே இரண்டு கையையும் நீட்டி நூலைத் தாங்கிக்கொண்டார். நான் உருண்டையாகச் சுற்றினேன். கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணி, அன்னைக்கு அவ சொன்னது..." என்று ஆரம்பித்தார்.

நூலை இறுக்காதீங்க தம்பி என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. எனக்கும்.

தொப்பி மத்தியானத்துக்குள் முடிந்தது. ஒரு எலுமிச்சம்பழத்துக்குப் போடலாம்.

ஐப்பசி 9, செவ்வாய்

வெயில். துணி எல்லாம் ஒரே நாளில் காய்ந்தது.

சால்வைக்கு என்ன செய்வது. நூல் அந்தம்மாளுடையது. துரைக்குக் கோபம் வந்தால் இவர் பாடு என்ன ஆகும். நானே பங்களாவுக்குப் போய்ச் சொல்கிறேன் என்றேன். இவர் சட்டையை மாட்டிக்கொண்டே, "நீ பிள்ளையைப் பாரு. நான் சொல்லிக்கிறேன்," என்றார். யாரிடமும் எதற்கும் வாய் திறக்காத மனுஷர். வாசலைத் தாண்டியதும் குடையை எடுக்கத் திரும்பி வந்தார். வெயிலில் குடை எதற்கு. பயம்தான்.

வந்து சொன்னது: அந்தம்மாள் சன்னலைப் பார்த்தபடி நின்றாராம். பிள்ளை பெண்ணா ஆணா என்று மட்டும் கேட்டாராம்.

ஐப்பசி 12, வெள்ளி

மோசமான நாள். காலையில் பிள்ளைக்கு மூச்சு நின்றுவிட்டது. உதடு கறுத்தது. அம்சா அலறவில்லை, என் கையை மட்டும் பிடித்தாள், நகம் பதிய. உள்ளங்காலைச் சுண்டி, முதுகைத் தேய்த்து, பெயர் இல்லாத பிள்ளையை அம்மா அம்மா என்று கூப்பிட்டேன். ஒரு விக்கல். பிறகு மூச்சு.

மத்தியானம் வரை இரண்டு பேரும் ஒரே பாயில் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். அம்சா சட்டென்று கேட்டாள்.

"உங்க பெரியவனுக்கு என்ன பேரு வச்சீங்கக்கா?"

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. இவர்கூட அந்தப் பெயரைச் சொல்வதில்லை. வேலாயுதம் என்றேன். யாரை மாதிரி இருந்தான் என்று கேட்டாள். சொன்னேன். காது இவரைப் போல, நெற்றி என்னைப் போல. சின்னவனைப் பற்றியும் கேட்டாள். அவனுக்கும் முடி நிறைய இருந்தது என்று சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மாலையில் துரை வீட்டு டிரைவர் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டுப் போனார். மிச்சமிருந்த வெள்ளை நூல் உருண்டைகள் இரண்டு. வேறு செய்தி எதுவும் இல்லை. கோபத்தில் அனுப்பினதா, அன்பில் அனுப்பினதா, தெரியவில்லை. டிரங்குப் பெட்டியில் வைத்தேன்.

ஐப்பசி 14, ஞாயிறு

தீபாவளி. தீட்டு, நமக்கு இல்லை. தெருவெல்லாம் வெடி. ஒவ்வொரு வெடிக்கும் பிள்ளை கையை விரித்து அதிர்ந்தாள். அவ்வளவு பலம் வந்திருக்கிறது என்று தம்பி சந்தோஷப்பட்டார். இவர் போய்ப் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கொஞ்சம் தள்ளி வெடிக்கச் சொன்னார். இந்த வாரத்தில் இரண்டாவது தடவை வாய் திறந்திருக்கிறார்.

நியோன்யா கூவே என்கிற இனிப்புப் பலகாரம் கொடுத்தாள். லேஸ், கூடையின் அடியில், ஈரத்தில் பிடித்த மஞ்சள் கறையோடு. தொடவில்லை.

ஐப்பசி 21, ஞாயிறு

சப்பினாள். தானாக. அம்சா என்னைக் கூப்பிட்ட சத்தத்தில் சோறு பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. இரவு குழைந்த சோறுதான். யாரும் குறை சொல்லவில்லை.

ஐப்பசி 25, வியாழன்

தூறல். பிள்ளையின் கால் சில்லென்று இருக்கிறது என்று காலையிலிருந்து மனசில். அம்சாவிடம் கேட்காமலேயே வெள்ளை நூலை எடுத்துக் காலுறை ஆரம்பித்தேன். பிள்ளையின் பாதத்தை நூலால் அளந்தேன். என் கட்டைவிரல் அளவுதான். அந்த அளவுக்கே கண்ணி போட்டேன், பொம்மைக்குப் போடுவது போல.

அம்சா பால் கொடுத்துக்கொண்டே பார்த்திருந்தாள். அதைக் கையில் வாங்கி, விரலில் மாட்டிப் பார்த்து, திருப்பிக் கொடுத்தாள்.

"இவ்வளவு சின்னதா எதுக்குக்கா? பெருசாவே போடுங்க. வளருவா."

பிரித்துவிட்டேன். அகலமாகக் கண்ணி போட ஆரம்பித்தேன்.