நடந்து வந்த ஃபேன்

எவேலியோ,

டூட்டிக்குக் கிளம்பிட்டேன். கறுப்பு பீன்ஸ் குக்கர்ல இருக்கு, சோறு மட்டும் வடிச்சுக்கோ. சாவி மீட்டர் பெட்டி மேல.

பத்து மணிக்கு மேல்வீட்டு ஒனேலியா மிக்ஸியைக் கொண்டு வருவா. ரிப்பேர் மட்டும் பண்ணு. உள்ளே இருக்கறதைக் கழட்டி உன் அடுத்த கண்டுபிடிப்புல மாட்டிடாதே. என் ரஷ்ய வாஷிங் மெஷின் பட்ட பாடு போதும். துணி பிழியற மோட்டாரை என்னைக் கேட்காம உருவி, பழைய டெலிபோனை அடிப்பீடமா வச்சு அது மேல திருகி ஃபேன் செஞ்சா, பொண்டாட்டி கைதட்டுவாளா? நேத்து கத்தினதுக்கு நான் வருத்தப்படல. இந்த ஹவானாவுல உன் பேன்ட்டைக் கையால பிழியற நர்ஸ் நான் ஒருத்திதான்.

ஃபேனை மேசைக்காலோட கயிறு போட்டுக் கட்டு. அதுக்கு நீ சுவிட்சே வைக்கல. நேத்து கரண்ட் போனப்போ பிளக்கையும் பிடுங்கல. சண்டை போட்டுட்டு நான் உள்ளே படுத்திருந்தேன், நீ வாசல்ல மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தே. கரண்ட் வந்ததும் அது தடதடன்னு ஆடிக்கிட்டே கூடத்தைத் தாண்டி நகர்ந்து வந்து, வயர் எட்டாம என் ரூம் வாசல்லயே நின்னு சுத்திக்கிட்டிருந்தது.

காத்து நல்லாத்தான் இருந்தது.

ஒடாலிஸ்

ஃபிளாஸ்க்ல காபி இருக்கு. ஒனேலியாவுக்கும் கொஞ்சம் குடு.

இன்னொண்ணு: சமாதானத்துக்கு ஃபேன் வந்தது, நீ வரல. எனக்கு நாலு மணிக்கு வேலை முடியும். ஆஸ்பத்திரி வாசலுக்கு நடந்து வா. உன்னைப் பிடிச்சு நிறுத்த வயர் ஒண்ணும் இல்லையே.