லூப்பேயின் நெற்றி

மெல்பர்ன், மே 6

அன்புள்ள சிசிலியா அண்ணிக்கு,

நீங்கள் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். வவாவுத் தீவில் போன் இன்னும் வேலை செய்யவில்லையாம். அங்கே போகிற நம் சபைக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நம் மகள் லூப்பேவுக்கு இதய ஆபரேஷன் முடிந்தும் இதயம் தானாக ஓடவில்லை. கட்டிலோரம் ஒரு மெஷின்தான் இதயமும் நுரையீரலுமாக இருக்கிறது. மூளைக்கு ஆக்சிஜன் போகிறதா என்று பார்க்க நெற்றியில் சென்சார் வைத்த இரண்டு ஒட்டு போட்டிருக்கிறார்கள். திரையில் இரண்டு எண். ஐம்பதுக்குக் கீழே இறங்கக் கூடாதாம். பிள்ளை முகத்தை விட்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

லோசலின்


வவாவு, மே 11

லோசலினுக்கு,

என் தம்பி போய்ச் சேர்ந்த பிறகு அவன் மகளுக்கு அத்தை நான்தானே பெரியவள். என்னைக் கேட்காமல் நெற்றியில் எதையோ ஒட்டவிட்டிருக்கிறாய். போகட்டும். பூப் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெய் அனுப்பியிருக்கிறேன். பிறந்த அன்று நான் தடவியது போல நெற்றியில் தடவு. நம் வீட்டு வாசனையாவது அவளுக்குத் தெரியட்டும். நீயும் சாப்பிடு.

சிசிலியா


மெல்பர்ன், மே 17

அண்ணி,

ஒட்டின் ஓரமாகத்தான் தடவினேன். வலப்பக்க எண் மளமளவென்று இறங்கி மெஷின் கத்தியது. நானே கொன்றுவிட்டேன் என்று சுவரோடு நின்றேன். நர்ஸ் பியோனா ஓடி வந்து ஒட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னம்மா, பொண்ண வறுக்கப் போறீங்களா? எண்ணெயில ஒட்டு கழண்டுருச்சு. அவளுக்கு ஒண்ணும் இல்ல, மெஷினுக்குத்தான் கண்ணு தெரியல."

துடைத்துப் புதிதாக ஒட்டினாள். எண் ஏறியது. உட்கார்ந்து அழுதேன்.

"பாதத்துல தேய்ங்க, அங்க யாரும் கேக்க மாட்டோம்" என்றாள். பாதத்தில்தான் தேய்க்கிறேன். கோபப்படாதீர்கள்.

லோசலின்


மெல்பர்ன், மே 22

அண்ணி,

நேற்று அந்த எண் மறுபடி இறங்கியது. எனக்குப் பயமே வரவில்லை. "ஒட்டு கழண்டிருக்கும், பாரும்மா" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். பியோனா விரலால் அழுத்திப் பார்த்தாள். ஒட்டு நன்றாகத்தான் பிடித்திருந்தது. நெற்றி காய்ந்து கிடந்தது. என் முகத்தைப் பார்க்காமல் டாக்டரைக் கூப்பிட்டாள்.

தலைக்குள் ரத்தம் கசிந்துவிட்டதாம். இனி திரும்ப மாட்டாள் என்றார்கள். மெஷினை நிறுத்தலாமா என்று கேட்டார்கள். நம் முறைப்படி நீங்கள் சொல்ல வேண்டிய சொல். உங்களைக் கேட்க வழியில்லை. நிறுத்துங்கள் என்று நானே சொல்லிவிட்டேன்.

இன்று காலை எல்லாவற்றையும் எடுத்தார்கள். ஒட்டு இருந்த இடத்தில் இரண்டு தடம் பதிந்திருந்தது. பியோனாவே பாட்டிலைத் திறந்து என் கையில் ஊற்றினாள். மீதி எண்ணெய் முழுவதையும் நெற்றியில் தேய்த்தேன். யாரும் தடுக்கவில்லை.

பிள்ளையைக் கொண்டு வருகிறேன். அவள் தலைமாட்டில், நம் முறைப்படி அத்தை உட்கார வேண்டிய இடத்தில், உங்கள் பாயை விரித்து வையுங்கள்.

லோசலின்