ரெண்டு கையும் தெரியுற மாதிரி ஒரு போட்டோ

காலடிப்பேட்டை,
செவ்வாய்க்கிழமை, மழை விட்ட மத்தியானம்.

அன்பு மகன் ஜெபினுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் காத்து நடத்துவதில் இங்கே நான், உன் அம்மா, உன் தங்கச்சி மூன்று பேரும் சுகம், கடையும் சுகம், நீயும் அந்தப் பஹ்ரைன் வெயிலில் உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் ஜெபத்தில் உன் பேரைத்தான் முதலில் சொல்லுகிறோம் மக்களே. (அண்ணா, ஊர்ப் பேச்சுல மகன ‘மக்களே’ன்னு கூப்புட்டுச் சொல்றது அப்பா, எழுதுறது நான் பெனிஷா. அப்பா கைப்பட எழுதுற கடிதம்தான், கை மட்டும் என்னோடது. ஏன்னு அப்புறம் சொல்றேன். நான் சொன்னத விட பேனா ஜாஸ்தியா ஓடுதேன்னு இப்பவே முறைக்கிறாரு.) சனிக்கிழமைக் கூண்டுச் சண்டை முடியும் வரை போனை உங்கள் கோச் வாங்கி வைத்துக்கொண்டார் என்று உன் சிநேகிதன் மொஹ்சின் சொன்னான். நல்லதுதான், நீ போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறவன். கூண்டில் உன் மூலையில் நின்று சொல்லிக் கொடுக்க அவன் நாளை மறுநாள் விமானம் ஏறுகிறான், அதனால் அவன் கையில் இந்தக் கடிதத்தையும் அம்மா கட்டின பார்சலையும் கொடுத்து விடுகிறேன். என் கண்ணாடி உடைந்துவிட்டதால் இவளை எழுதச் சொன்னேன், வேறு ஒன்றும் இல்லை கேட்டியா. (கண்ணாடி மூக்கு மேலயே கீது.)

இங்கே ஒரு வாரமாக மழை, மணலிப் பக்கத்துக் காற்று வீசினால் அந்தப் பழைய கேஸ் நாற்றம், கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்பதால் சரக்கு வண்டி வந்து சேர மத்தியானம் ஆகிவிடுகிறது. பெனிஷா பிளஸ் டூ படிக்கிறாள் என்று சொல்லுகிறார்கள், நான் பார்த்ததில்லை. போன வாரம் கடையில் உப்பு டப்பாவிலும் சர்க்கரை டப்பாவிலும் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டாள், டீக்கடை செல்வம் வாங்கிப்போய் டீ போட்டு, அதைக் குடித்த டிரைவர் ஒருத்தர் நம் கடை வாசலிலேயே வந்து துப்பினார். (அண்ணா, கடைக்குட்டின்னா கடையில குட்டிக் கலாட்டா பண்றவன்னுதானே அர்த்தம்.) சவத்து மூதி, நான் வையறதையும் சேர்த்து எழுதுகிறாள் பார்.

உன் முதல் ஆட்டத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. இந்தப் பக்கத்தில் சண்டை என்றால் பாக்ஸிங்தான், காசிமேட்டில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், கீழே விழுந்தவன் தோற்றவன், எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். நீ தொண்டியார்பேட்டையில் டயர் கடை மாடியில் ஏதோ பாய் விரித்துப் படித்தாயே அந்த ஜியு ஜிட்சு, அது கீழே கிடந்து ஜெயிக்கிற வித்தை என்று எங்களுக்கு யார் சொன்னார்கள். கடை ஷட்டரைப் பாதி இறக்கி டிவியை வைத்துத் தெருவே பார்க்கும்போது நீ மல்லாந்து கிடக்கிறாய், அவன் உன்மேல் உட்கார்ந்து குத்துகிறான், அம்மா அப்போதே சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். நான் டிவியை அணைத்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போங்கப்பா என்றேன், எழவு வீட்டிலிருந்து போகிற மாதிரிப் போனார்கள். அப்புறம் மொஹ்சின் போன் பண்ணி, அங்கிள், நம்ம ஆளு காலாலயே அவன் கழுத்தப் பூட்டிட்டான், அவன் தட்டிட்டான், ஜெபின் ஜெயிச்சிட்டான்னு கத்துகிறான். தட்டுவது என்றால் போதும் விடு என்று கையால் தட்டிக் காட்டுவது, அதோடு ஆட்டம் முடிந்தது என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். போனவர்களை எல்லாம் திரும்பக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு கடலை மிட்டாய் கொடுத்தேன்.

அந்தக் கடைசி ஆட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அவன் உன் கையைப் பிடித்து முழங்கையைப் பின்னால் மடக்கினபோது எல்லாரும் தட்டு தட்டு என்று கத்தினார்கள், நீ தட்டவில்லை, நடுவர் வந்து பிரிக்கும்போது கை வேறு பக்கம் திரும்பி இருந்தது. தோற்று வந்தவனுக்குத் தெரு முழுக்க மாலை. பசங்கள் உன் படத்தைப் போட்டு ‘தட்டாத தங்கம்’ என்று பேனர் அடித்து நம் கடை நெற்றியிலேயே கட்டினார்கள், நானும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ அதன் கீழே கையில் கட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பூண்டு உரித்துக் கொடுத்தாய், உனக்கு நினைவிருக்கும். அந்தப் பேனரைப் போன வாரம் கழற்றிவிட்டேன். மழைக்குப் புளி மூட்டைமேல் போட்டிருக்கிறது, நல்ல கெட்டித் துணி, ஒரு சொட்டு இறங்கவில்லை. பசங்கள் வந்து, இன்னா நைனா, அண்ணன் மூஞ்ச மூட்ட மேல போட்டுக்கினு, உனக்கே நல்லாக்கீதான்னு சண்டைக்கு நிற்கிறார்கள். ஏன் கழற்றினேன் என்று நீ கேட்காதே.

(அண்ணா, நீ கேக்கலன்னாலும் நான் சொல்வேன். அப்பாவுக்கு வலது கை முழங்கைல கட்டு. விழல, வண்டில அடிபடல. உன் டயர் கடை மாடி ஜிம்முக்குப் போனாரு. மெஹ்னாஸ் அக்கா இருக்காங்கல்ல, ஒல்லியா, காலேஜ் படிக்கிற அக்கா, அவங்க கிட்ட கையக் குடுத்தாரு. தட்டல. கைப்பட எழுத வேண்டியவரு, கை பட்டதால எழுதல. அம்மா உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிருக்காங்க, ஆனா சத்தியம் வாயாலதானே சொல்ல மாட்டேன்னு, எழுத மாட்டேன்னு இல்லியே.)

மக்களே, இவள் இவ்வளவு நேரம் என்ன எழுதுகிறாள் என்று இப்போதுதான் வாங்கிப் படித்தேன். கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதச் சொல்லலாம் என்று பார்த்தேன். அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, இருக்கட்டும், பிள்ளைக்குத் தெரியட்டும், உங்க லட்சணத்த நீங்களே சொல்லுங்கன்னு சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதனால் நானே சொல்லுகிறேன். நீ ஜிம்மில் விட்டுவிட்டுப் போன அந்த வெள்ளைப் பயிற்சிச் சட்டையை மொஹ்சின் கேட்டான் என்று எடுக்கப் போனேன். பாயில் பிள்ளைகள் ரெண்டு ரெண்டு பேராக உருண்டுகொண்டிருந்தார்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், இதுல என்ன இருக்கு, கைய வெடுக்குன்னு உருவிக்கிட்டா போச்சுதேன்னு சொன்னேன். அந்த மெஹ்னாஸ் பிள்ளை மரியாதையாக, வேணும்னா ஒரு தடவ பாருங்க அங்கிள், மெதுவாத்தான் புடிப்பேன், வலிச்சா ரெண்டு தட்டு தட்டுங்க, விட்ருவேன்னு சொல்லிச்சு. உன் சட்டையை வேட்டிக்கு மேலே மாட்டிக்கொண்டு படுத்தேன். ஒரு அரிசி மூட்டை கனம் இருக்காது அந்தப் பிள்ளை, என் கையைக் கட்டிப் பிடித்து இடுப்பைக் கொஞ்சம் தூக்கினதுதான், என் உயிர் முழங்கைக்கு வந்துவிட்டது. தட்டுங்க அங்கிள், தட்டுங்கன்னு சொல்லுது. எதிர்ச் சுவரில் உன் படம் மாட்டியிருக்கிறது, பிள்ளைகள் எல்லாம் சுற்றி நின்று பார்க்கிறார்கள், தாசையன் நாடார், ஜெபினுக்கு அப்பன், ஒரு சின்னப் பிள்ளையிடம் தட்டுவதா என்று இருந்தது. அது பயந்துபோய்த் தானாகவே பிடியை விடுகிற நேரத்தில் நான் மூட்டையை இழுக்கிற மாதிரி ஒரு இழுப்பு இழுத்தேன், சடக்கென்று ஒரு சத்தம். அந்தப் பிள்ளைமேல் ஒரு தப்பும் இல்லை. அது அழுததைப் பார்த்துதான் எனக்கு அழுகை நின்றது. இப்போது ரெண்டு நாளைக்கு ஒரு தடவை சாத்துக்குடி வாங்கி வருகிறது, அம்மாவும் அதுவும் என்னைப் பற்றிப் பேசிப் பேசிச் சிரிக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது என்னவென்றால், அந்த வலியில் நான் என் கையை நினைக்கவே இல்லை மக்களே. யார் யார் பார்க்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து படுத்திருக்கும்போது, கூண்டுக்குள்ளே அந்த நேரத்தில் நீ யாரை நினைத்திருப்பாய் என்று யோசித்தேன். மறுநாள் விடிந்ததும் பெனிஷாவை ஏணியில் ஏற்றி அந்தப் பேனரைக் கழற்றச் சொன்னேன். சனிக்கிழமை அந்தக் கசகஸ்தான்காரனிடம் தோற்றால் ஆட்டம் நடத்துகிற கம்பெனிக்காரர்கள் உனக்கு அடுத்த ஆட்டம் தர மாட்டார்கள் என்று மொஹ்சின் சொன்னான், அவன் மறைக்கத்தான் பார்த்தான், நான்தான் கிண்டிக் கேட்டேன். நீ ஜெயிக்கத்தான் வேண்டும், எங்களுக்கு ஆசை இல்லாமல் இல்லை, இந்த வயது வரை நீ வேறு வேலை கற்றுக்கொள்ளவும் இல்லை. ஆனால் அதே கை மாட்டிக்கொண்டால், இனி வர வழியில்லை என்று உனக்கே தெரிந்தால், தட்டிவிடு. காலாலே தட்டு, வாயாலே சொல்லு, உடனே தட்டு. ஆட்டம் தரவில்லை என்றால் போகட்டும், தொண்டியார்பேட்டையில் உன்னிடம் படிக்கப் பிள்ளைகள் காத்துக்கொண்டிருக்கிறார்கள், கடை இருக்கிறது, நாங்கள் இருக்கிறோம். தட்டிவிட்டு வருகிறவனை இந்தத் தெருவில் எவனாவது ஒரு வார்த்தை சொன்னால் அவனுக்கு நம் கடையில் ஒரு தீப்பெட்டிகூடக் கிடையாது. (அண்ணா, இத அப்பா சொன்னத சொன்னபடியே எழுதிட்டேன். நான் ஜோக் எதுவும் யோசிக்கல.)

பார்சலில் கருவாட்டுப் பொடியும் கருப்பட்டியும் அம்மா செய்த முந்திரிக்கொத்தும் இருக்கிறது, சண்டைக்கு முந்தின நாள் எடை பார்த்து முடித்த பிறகுதான் திறக்க வேண்டும், மொஹ்சினிடம் சொல்லியிருக்கிறேன், அவனே தின்றுவிடாமல் அவனையும் பார்த்துக்கொள். எடைக்காகத் தண்ணீரை நிறுத்துகிறாயாமே, அதைக் கேட்டு அம்மாவும் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் ஒரு நிமிடம் டம்ளரைப் பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறாள், அதனால் எடை பார்த்ததும் முதலில் நிதானமாகத் தண்ணீர் குடி. தேங்காய் எண்ணெயை முழங்கையில் சூடு பறக்கத் தேய். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆலயம் பக்கத்தில் இருந்தால் போ, இல்லாவிட்டால் இருந்த இடத்தில் முழங்கால் போடு. சனிக்கிழமை கடையில் டிவி வைக்கிறேன், நீ கீழே கிடந்தாலும் இந்தத் தடவை அணைக்க மாட்டேன். அம்மா இந்தத் தடவை சுவரைப் பார்க்க மாட்டாளாம், முகத்தை மூட முந்தானையைத் தயாராக வைத்திருக்கிறாள்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன் எலும்புகளில் ஒன்றையும் முறிய விடாதிருப்பாராக. ஒன்று மட்டும் மறக்காதே. புதுப் பேனர் அடிக்க வேண்டுமென்று பசங்கள் இப்போதே படம் கேட்கிறார்கள், என்ன எழுதணும் நைனான்னு கேட்டார்கள், ஒன்றும் எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஜெயித்தாலும் சரி, தோற்றாலும் சரி, ஆட்டம் முடிந்த கையோடு ரெண்டு கையும் தெரியுற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, அது போதும்.

இடது கையால் கையெழுத்திடும்,
உன் அப்பா
தா. தாசையன்

(அண்ணா, மேல இருக்குறது கையெழுத்துதான், கரப்பான் நடந்தது இல்ல. மொதல்ல வலது கையாலதான் போடுவேன்னு பேனாவப் புடுங்கினாரு. தெனமும் கைய மடக்கி விடுற டாக்டர் கிட்டகூட பல்லக் கடிச்சிக்கினு கம்முனு இருக்குற மனுஷன், ‘தா’ போடுறதுக்குள்ள கண்ணு கலங்கிடுச்சு. நான் பாக்குறேன்னு தெரிஞ்சும், இடது கையால மேசைல ரெண்டு தட்டு தட்டினாரு. நான் பேனாவ வாங்கிக்கினேன்.)